டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் வருவார்கள்? மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில், போதை மீட்பு வார்டுக்குள் இனி வெளியாட்கள் வரக்கூடாது என்று சில மாதங்களுக்கு முன் சொல்லிவிட்டார்கள். வெளியாட்கள் என்றது எங்களைத்தான். குடியிலிருந்து மீண்டு வந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேலை செய்துகொண்டிருந்தோம். டிஸ்சார்ஜ் ஆகப் போகிறவரின் கட்டில் பக்கத்தில் போய் உட்காருவோம். ஊர், வேலை, வீட்டு நிலவரம் விசாரிப்போம். போன் நம்பர் வாங்கிக்கொள்வோம். அவர் வீட்டுக்குப் போன பிறகு, ஒருவருக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு கூடவே இருப்போம். இதற்கு எழுத்தில் எந்த அனுமதியும் எங்களிடம் இருந்ததில்லை. அங்கே இருந்த மருத்துவருக்கு எங்கள் மேல் நம்பிக்கை இருந்தது, அவ்வளவுதான். அவர் மாறுதலாகிப் போனார். புதிதாக வந்தவர், "இது எந்த விதியில் இருக்கிறது?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நோயாளிகள் படுத்திருக்கும் வார்டுக்குள் கண்டவர்களும் நுழையக் கூடாதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்க வேண்டும், அதை உங்கள் துறை எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் குறை. அதனால்தான் அந்த மருத்துவமனைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குடிநோயாளி. பல வருடமாகக் குடிக்கவில்லை. என் கதையை இங்கே சொல்லப் போவதில்லை. வார்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். அது உங்கள் கோப்புகளுக்கு வந்து சேர வழியே இல்லை.

வார்டுக்குள் நடக்கும் சிகிச்சையில் எனக்குக் குறை இல்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள், நான்காம் நாளில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும், சுவரில் பூச்சி ஊரும், இருக்கிற இடம் எது என்றே புரியாது. கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். தயாமின் என்ற வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்து, பத்துப் பதினைந்து நாளில் ஆளைத் தெளிய வைத்துவிடுகிறார்கள். செவிலியர்கள் வாங்குகிற திட்டையும் உதையையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அப்புறம்? கையில் ஒரு சீட்டு. பதினைந்து நாளைக்கு மாத்திரை, கீழே மறுபரிசோதனைக்கு வரச்சொல்லி ஒரு வரி. புறநோயாளிப் பிரிவு காலையில்தான். போனால் அன்றைய ஷிப்ட் போச்சு. முதல் தடவை அவரே போவார். அடுத்த தடவை மனைவி போய் மாத்திரை மட்டும் வாங்கி வருவார். அதற்கடுத்த தடவை யாரும் போவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு போன்கூட வராது. ஒருவர் நல்லாகிவிட்டதால் வரவில்லையா, மறுபடி குடியில் விழுந்ததால் வரவில்லையா என்பது மருத்துவமனைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு என்று யாருக்கும் கொடுக்கப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். ஓவர்லாக் டெய்லர். தேனிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். மனைவி, இரண்டு குழந்தைகள், காம்பவுண்டுக்குள் ஓர் அறை வீடு. டிஸ்சார்ஜ் ஆகி வேலைக்குப் போன முதல் சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். கம்பெனி கேட்டிலிருந்து அவர் வீடு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, நடுவில் டாஸ்மாக். கேட்டில் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் நிற்பார்கள் என்று அவரே முந்தின நாள் இரவு போனில் சொன்னார். இருவரும் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கவரை வாங்கியதும் பிரிக்காமல் வெளியே வர வேண்டும். கேட்டில் மனைவி நிற்பார். கைச்செலவுக்கு இருநூறு ரூபாய் எடுத்துக்கொண்டு மீதியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு மெயின் ரோடு வழியாகப் போகாமல் பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சந்து வழியாகப் போக வேண்டும்.

சொன்னபடியே வந்தார், கவரைக் கொடுத்தார். கூட்டாளிகளிடம் "அப்புறம் பார்க்கலாம் மாப்ள" என்று சொல்லிவிட்டு நடந்தார். சந்து முனைக்கு வந்ததும் நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை, உதடு காய்ந்துவிட்டது. "அண்ணா, ஒரே ஒரு கட்டிங். நாளையிலிருந்து சத்தியமா இல்லைங்ணா" என்றார். நான் புத்தி எதுவும் சொல்லவில்லை. புத்தி எல்லாம் அவருக்கு ஏற்கெனவே நிறையச் சொல்லப்பட்டிருக்கிறது. பக்கத்து பேக்கரியில் உட்கார வைத்தேன். சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்து, இந்த வாரம் என்ன ஆர்டர் ஓடியது, பீஸ் ரேட் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டேன். முதலில் ஒற்றை வார்த்தையில் பதில். பிறகு ரேட் கட்டாத கோபத்தில் சூப்பர்வைசரைத் திட்ட ஆரம்பித்தார். திட்டத் திட்ட முறுக்கிக்கொண்டிருந்த தோள் இறங்கியது. அந்த வெறி வந்தால் இருபது நிமிடம், அரை மணி நேரம் ஆட்டி வைக்கும். அதைக் கடத்திவிட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். அன்றைக்கும் தணிந்தது. வீட்டுக்குப் போனோம்.

இந்த வேலையைத்தான் வெளிநாடுகளில் சம்பளம் கொடுத்துச் செய்ய வைக்கிறார்கள். மீட்சிப் பயிற்சியாளர் என்கிறார்கள், சக ஆதரவாளர் என்கிறார்கள். அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டிலிருந்தே இந்தச் சேவைக்கு மாநிலங்கள் பணம் கொடுக்கலாம் என்று 2007இல் வழிகாட்டுதல் வந்தது. அப்போதே மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள். பயிற்சியும் சான்றும் இருக்க வேண்டும், மேற்பார்வை இருக்க வேண்டும், நோயாளியின் மற்ற சிகிச்சையோடு இணைந்திருக்க வேண்டும். மூன்றும் நம்மால் முடியாத காரியங்களா?

பக்கத்தில் கோவாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. சங்காத் என்ற அமைப்பினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளவுக்கு மீறிக் குடிக்கும் ஆண்களோடு தனித்தனியாகச் சில அமர்வுகள் பேச வைத்தார்கள். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட, இப்படிப் பேசப்பட்டவர்களில் அதிகம் பேர் தேறினார்கள். பலன் ஓராண்டு கழித்தும் நீடித்தது. முதல் முடிவுகள் 2017இல் லான்செட் மருத்துவ இதழிலும், ஓராண்டு முடிவுகள் அதே ஆண்டு பிளாஸ் மெடிசின் இதழிலும் வந்தன. அந்த ஆண்கள் எங்களைப் போல் முற்றிய குடிநோயாளிகள் இல்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் படித்த பட்டம் இல்லாதவர்கள், முறையாகப் பயிற்சி கொடுத்து மேற்பார்வை செய்தால், இந்த நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்ய முடியும் என்பதற்கு அதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா?

எத்தனை நாளைக்குக் கூட இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சிகிச்சைக்குப் போனவர்களைச் சிகாகோவில் எட்டு வருடம் விடாமல் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. நிறுத்தி ஓராண்டு ஆகாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அடுத்த ஆண்டும் தாக்குப்பிடித்தார்கள். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நிறுத்தியிருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர். மூன்றாண்டைத் தாண்டியவர்களில் 86 சதவீதம். நாங்கள் திருப்பூரில் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஆபத்து மிகுந்த அந்த முதல் ஆண்டில், நம் அமைப்பு ஆளோடு இருப்பது முதல் பதினைந்து நாள் மட்டும்.

அந்த ஆண்டுக்குள் என்னென்ன வருகிறது என்று பாருங்கள். முதல் சில வாரம் தூக்கம் இல்லை, எரிச்சல். சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை என்ன செய்வது என்றே தெரியாது. இத்தனை வருடம் அந்த நேரம் முழுக்கக் கடையில்தான் போனது. வீட்டில் நம்பிக்கை இருக்காது. அரை மணி நேரம் தாமதமாக வந்தால் மனைவி பக்கத்தில் வந்து மோந்து பார்ப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, பட்டவர். ஆனால் அன்றைக்கு உண்மையிலேயே குடிக்காமல் வந்தவனுக்கு அது நெருப்பாகச் சுடும். "குடிக்காமல் இருந்தும் இந்தப் பேர்தானே, குடித்துவிட்டே வாங்கிக்கொள்கிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்களை நான் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறேன். அந்த மாதிரி இரவுகளில் கணவனோடு பேசுவது பாதி வேலை. மனைவியோடு, அம்மாவோடு தனியாகப் பேசுவது மீதி வேலை.

மூன்றாம் மாதம் வேறு சிக்கல். முகம் தெளிந்து, உடம்பு தேறி, இனிமேல் நமக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம் வரும். மாத்திரையைத் தானாகவே நிறுத்துவார். "பீர்தானே, அதில் என்ன இருக்கிறது" என்று யாராவது சொல்வார்கள். கடன்காரர்கள் அப்போதுதான் கதவைத் தட்டுவார்கள், ஆள் தெளிந்துவிட்டான், கேட்டால் கிடைக்கும் என்று. தீபாவளி போனஸ் வரும். ஊர் நோம்பி வரும். சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார வேண்டி வரும், கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழர்கள் மொட்டை மாடிக்குக் கூப்பிடுவார்கள். இவை ஒவ்வொன்றும் தேதியோடு தெரிந்த ஆபத்துகள். முன்கூட்டியே உட்கார்ந்து, யாரோடு போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, ஊற்றிக் கொடுத்தால் என்ன சொல்வது என்று பேசி வைக்கலாம். பேசி வைத்தவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள். சங்கடம் என்னவென்றால், இதைப் பேச வேண்டிய தேதி புறநோயாளிப் பிரிவின் நாட்காட்டியில் வருவதில்லை.

விழுந்தாலும் கூட இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி போதைக்குத் திரும்புகிறார்கள் என்று தாமஸ் மெக்லெல்லனும் அவர் குழுவினரும் 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். அதே கட்டுரையில், ரத்தக்கொதிப்பும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு நோய் திரும்புவது இதைவிடக் குறைவில்லை என்றும் காட்டினார்கள். ரத்தக்கொதிப்பு ஏறி வருகிறவரை நாம் "உனக்கெல்லாம் சொன்னால் புரியாது" என்று திட்டி அனுப்புவதில்லை. குடிநோயாளி இரண்டாம் தடவை வார்டுக்கு வந்தால் மட்டும் வரவேற்பு வேறு மாதிரி.

ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இருக்கின்றனவே என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசியதில் தொடங்கியது அது. நான் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கூட்டங்கள்தான் காரணம், இன்றைக்கும் போகிறேன். ஆனால் அது அரசின் பணத்தை வாங்காது, வாங்கவும் கூடாது. அங்கே ஸ்பான்சராக, அதாவது புதிதாக வந்தவருக்கு வழிகாட்டும் பழைய ஆளாக, இருப்பவர் தன் மீட்சிக்காகவும் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார். அவரிடம் அரசு கணக்குக் கேட்க முடியாது. நைட் ஷிப்ட் போகிறவர், பத்துப் பேர் நடுவில் எழுந்து பேச வாய் வராதவர், தமிழ் தெரியாமல் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்கிறவர், பெண்கள், இவர்களெல்லாம் அந்த அறைக்குள் வந்து சேர்வதே கஷ்டம். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

வார்டுக்குள் எங்களை விடாத பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே சேர்ந்திருந்த ஒருவர், செக்கிங் பிரிவில் வேலை செய்தவர், டிஸ்சார்ஜ் ஆகிப் போனார். அவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மூலமாகத்தான் எங்களுக்கு விவரம் தெரிந்தது. நாங்கள் தேடிக்கொண்டு போவதற்குள், ஊர்த் திருவிழாவுக்குப் போனவர் அங்கேயே குடிக்க ஆரம்பித்திருந்தார். திரும்பி வந்து கம்பெனியில் சண்டை போட்டு வேலை போனது. மனைவி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் போனபோது அறையில் வேறு ஆள் குடியிருந்தார். போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை.

இதே மனிதருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வாங்க வராவிட்டால் தேடி ஆள் வந்திருக்கும். ஆறு மாதம் மருந்து சாப்பிடுகிறாரா என்று பார்க்க ஒருவரைப் போட்டிருப்பார்கள். சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்திருந்தால், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய உங்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் மாதாமாதம் வீட்டு வாசலில் மாத்திரை கொண்டு வந்து கொடுத்திருப்பார். நீண்டகால நோய்க்கு வீடு தேடிப் போக வேண்டும் என்பதை நாட்டுக்கே செய்து காட்டிய துறை உங்களுடையது. எச்.ஐ.வி.யில் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். 1986இல் இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில்தான் அது கண்டறியப்பட்டது. பிற்பாடு, தொற்றோடு வாழ்பவர்களையே பணியில் சேர்த்து, மருந்தை நிறுத்தியவர்களைத் தேடிப் போக வைத்தார்கள். அதே வேதனையைப் பட்டவர் வந்து கதவைத் தட்டினால் திறக்கிறார்கள் என்பது உங்கள் துறைக்குப் புதிய பாடம் கிடையாது. குடிநோயாளிக்கு மட்டும் ஏன் அது இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் கேள்வி.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதன் 98ஆம் பிரிவு, ஒருவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது அவரோடும் குடும்பத்தாரோடும் கலந்து பேசி, அதன்பிறகு என்ன சிகிச்சை, என்ன சேவை என்று திட்டம் வகுக்கச் சொல்கிறது. பதினைந்து நாள் மாத்திரையும் ஒரு வரியும் அந்தத் திட்டம் ஆகுமா?

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களில், மீண்டு வந்த ஒருவரைச் சக பயிற்றுநராக வைக்க இடம் இருக்கிறது. நல்லது. ஆனால் அவர் பெரும்பாலும் மையத்துக்குள் இருப்பவர்களைப் பார்க்கவே நேரம் போதாமல் இருக்கிறார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு தொடங்கியது. மனதார வரவேற்கிறேன். கட்டில் கூடியிருக்கிறது, மருத்துவர் கூடியிருக்கிறார். 2019இல் எய்ம்ஸ் தேசிய ஆய்வு சொன்னது நினைவிருக்கும்: நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது, 180 பேரில் ஒருவர்தான் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேருகிறார். அத்தனை பேரைத் தாண்டி வந்து சேர்கிற அந்த ஒருவரையும் பதினைந்தாம் நாள் தனியாக அனுப்பிவிடுகிறோமே என்பதுதான் தாங்க முடியவில்லை.

பணம் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2003 நவம்பரிலிருந்து மாநிலத்தில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். 2024-25இல் அதன் மூலம் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய் என்று அரசே சட்டமன்றத்தில் சொன்னது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 48 கோடி. மாதம் 20,000 ரூபாய் சம்பளம் என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,40,000. பாதிப் பணத்தைப் பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் மேற்பார்வைக்கும் ஒதுக்கினாலும் ஆயிரம் பேரை வேலைக்கு வைக்கலாம். ஆளுக்கு இருபது பேர் என்றால் இருபதாயிரம் குடும்பங்கள். கடையை மூடுவதா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் இந்தக் கடிதத்தில் போகவில்லை. மூடினாலும் திறந்து வைத்தாலும் இந்த இருபதாயிரம் பேருக்கு ஆள் தேவை.

இதைத் தவறாகச் செய்துவிடக் கூடாது என்ற பயமும் எனக்கு இருக்கிறது. குடிநோயாளியின் குடும்பம் எதையும் நம்பும். ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து என்று சுவரொட்டி ஒட்டி விற்கிறார்கள். டைசல்பிரம் போன்ற மாத்திரையைத் தெரியாமல் கொடுத்து, அதன்மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. சங்கிலி போட்டு அடிக்கும் மையங்களுக்கு வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். நாளை இந்த வேலைக்கும் ஒரு பெயர் வைத்து, மூன்று நாள் வகுப்பு நடத்தி, சான்றிதழ் விற்க ஆட்கள் கிளம்புவார்கள். கூட இருப்பவர் மருத்துவர் இல்லை. மாத்திரையைக் கூட்டு, குறை என்று அவர் சொல்லக் கூடாது. வீட்டிலேயே வைத்துக் குடியை நிறுத்த வைக்கிறேன் என்று இறங்கக் கூடாது. பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது. சாமி, சாதி, கட்சி எதையும் உள்ளே கொண்டு வரக் கூடாது. சாகப் போகிறேன் என்ற பேச்சு வந்தால் தானே சமாளிக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை இவை.

உடனடியாக, இந்த மாதமே, ஒரு சுற்றறிக்கை. மீண்டு வந்த தன்னார்வலர்களை மனநலப் பிரிவின் தலைவர் விசாரித்து, அடையாள அட்டை கொடுத்து, நோயாளி சம்மதித்தால் டிஸ்சார்ஜுக்கு முன் சந்திக்க அனுமதிக்கலாம் என்று எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் எழுதுங்கள். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. எந்த விதியில் இருக்கிறது என்று அடுத்த மருத்துவர் கேட்டால் காட்ட எங்களிடம் ஒரு காகிதம் இருக்கும்.

அடுத்து, ஒரு அரசாணை வெளியிட்டு இதை ஒரு பணியிடமாக ஆக்குங்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். 25 கலங்கரை மையங்களில் தொடங்குங்கள். ஒருவருக்கு இருபது பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். இரண்டு ஆண்டுக்காவது குடிக்காமல் இருப்பவர்களை எடுங்கள். பட்டப்படிப்பு கேட்காதீர்கள். குடித்த காலத்தில் போட்ட சில்லறை வழக்குகளைக் காட்டி நல்ல ஆட்களைத் தள்ளாதீர்கள். பெண்களைக் கட்டாயம் எடுங்கள். குடிக்கும் பெண்களுக்கும், குடிப்பவரின் மனைவிக்கும் அம்மாவுக்கும் பேச அவர்கள் வேண்டும். திருப்பூர், கோவை, சென்னை போன்ற ஊர்களில் இந்தி, ஒடியா தெரிந்தவர்கள் வேண்டும். மதிப்பூதியம் என்று ஏதோ கொடுத்து ஏமாற்றாமல் மாதச் சம்பளம், போன் செலவு, பஸ் செலவு, வார விடுமுறை கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு மனநலச் சமூகப் பணியாளர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும். மற்றவர்களின் குடியை நாள் முழுக்கச் சுமக்கிறவர் தானே மறுபடி விழுந்துவிடும் ஆபத்து உண்டு. அப்படி விழுந்தால் வேலையை விட்டுத் துரத்தாமல் சிகிச்சைக்கு விடுப்பு கொடுங்கள்.

98ஆம் பிரிவு சொல்லும் திட்டத்தை ஒவ்வொரு குடிநோயாளிக்கும் எழுத்தில் கொடுக்க உத்தரவிடுங்கள். அதில் கூட வரப் போகிறவரின் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன 48 மணி நேரத்துக்குள் முதல் போன், முதல் ஆண்டு முழுக்கத் தொடர்ச்சியான சந்திப்பு, பிறகு ஐந்தாம் ஆண்டு வரை குறைந்தபட்சம் மாதம் ஒரு விசாரிப்பு. மறுபடி குடித்தார் என்பதற்காக யாருடைய பெயரையும் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. குறை சொல்ல குடும்பத்துக்கு ஓர் எண் கொடுங்கள்.

கடைசியாக, கணக்கு. எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்தோம் என்று ஒவ்வோர் ஆண்டும் கொள்கை விளக்கக் குறிப்பில் போடுகிறீர்கள். சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு கழித்து எத்தனை பேரோடு தொடர்பு இருக்கிறது, எத்தனை பேர் குடிக்காமல் இருக்கிறார்கள், எத்தனை பேர் எங்கே என்றே தெரியவில்லை என்பதையும், மாவட்ட வாரியாக, அடுத்த மானியக் கோரிக்கையிலிருந்து வெளியிடுங்கள்.

சுற்றறிக்கைக்கான வரைவு வேண்டும் என்றால் நாங்களே எழுதித் தருகிறோம். சென்னைக்கு வந்து நேரில் பேசவும் தயாராக இருக்கிறோம். ஒரு தேதி கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் எங்களுக்குச் சம்பளம் போகாது. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குச் சாயங்காலம் எங்களுக்கு இங்கே வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
மீண்டு வரும் குடிநோயாளி ஒருவர்,
திருப்பூர்